ஒயிலரும் கோல்ட்பாக்கும்: ஒரு கடிதத் தொடர்பு

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் தாம் முடித்தவற்றைக் கழக ஏடுகளில் வெளியிட்டனர்; முடியாதவற்றை நண்பர்க்குக் கடிதமாக எழுதினர். ஆதலின் அக்காலக் கணித வரலாற்றை ஏடுகளை மட்டும் கொண்டு அறிய முற்படுவோர், கட்டி முடிந்த மனையைக் காண்பரேயன்றி, கட்டுதற்கு எழுப்பிய சாரத்தைக் காணார். லெயோனாட் ஒயிலரும் கிறிஸ்ரியான் கோல்ட்பாக்கும் 1729 தொடக்கம் 1764 வரை எழுதிய கடிதங்களுள் ஏறத்தாழ இருநூறு இன்று கிடைக்கின்றன. அச்சாரத்தை அவற்றிலே காணலாம்.

இருவரும் சமநிலையினர் அல்லர். ஒயிலர் அந்நூற்றாண்டின் தலைசிறந்த கணிதர். அவரிலும் பதினேழாண்டு மூத்த கோல்ட்பாக், சட்டம் பயின்று, ஐரோப்பாவெங்கும் சுற்றி, சென் பீற்றர்ஸ்பேர்க் கழகத்தின் செயலாளராகி, பின்னர் ருஷ்ய வெளிநாட்டமைச்சில் மறைகுறி எழுத்துகளை வாசிக்கும் பணியில் அமர்ந்தவர். கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு என்பர். இம்மதிப்பீடு பிழையன்று, ஆனால், நல்ல வினாவின் பெறுமதியை அது கணக்கில் எடுப்பதில்லை.

1729 டிசெம்பரில், மொஸ்கோவிலிருந்து எழுதிய மடலின் பின்குறிப்பில் கோல்ட்பாக் ஒரு வினா விடுத்தார். 3, 5, 17, 257, 65,537 எனத் தொடரும் எண்கள் யாவும் முதன்மை எண்கள் என்று பேர்மா கருதியதை ஒயிலர் அறிவாரா என்பதே அது. இருபத்திரண்டு வயதினரான ஒயிலர் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. அடுத்த ஆண்டில் ஒயிலர் பேர்மாவின் நூலை எடுத்துப் படிக்கலானார். 1732 இல், அவ்வரிசையின் அடுத்த எண்ணாகிய 4,294,967,297 ஆனது 641 ஆல் மீதியின்றி வகுபடும் எனக் காட்டினார். எண் கொள்கையில் அவர் வாழ்நாள் முழுதும் கொண்ட ஈடுபாடு இப்பின்குறிப்பிலிருந்து கிளைத்தது எனலாம்.

1741 இல் ஒயிலர் பேர்லினுக்குச் சென்றார். இலத்தீனில் தொடங்கிய தொடர்பு இப்போது பெரும்பாலும் ஜேர்மனுக்கு மாறியது. ஆயினும் கணிதம் வந்தவுடன் வாக்கியத்தின் நடுவே இலத்தீன் புகுந்துவிடும். 1742 யூன் 7 ஆம் நாள் மடலின் ஓரத்தில், 2 இலும் பெரிய எண் ஒவ்வொன்றும் மூன்று முதன்மை எண்களின் கூட்டுத்தொகை போலத் தோன்றுவதாகக் கோல்ட்பாக் குறித்தார். (அவர் 1 ஐயும் முதன்மை எண்ணாகக் கொண்டவர்.) இரட்டை எண் ஒவ்வொன்றும் இரு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என முன்பு கோல்ட்பாக் தெரிவித்ததிலிருந்தே இது பெறப்படும் என ஒயிலர் யூன் 30 இல் மறுமொழி எழுதினார். அதனை உறுதியான தேற்றமாகக் கருதுவதாகவும், ஆயினும் தம்மால் நிறுவ இயலவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். இன்று பாடநூல்களில் வழங்கும் வடிவம் ஒயிலரின் மடலில் உள்ளதே. பெருமையை அவர் நண்பருக்கே உரித்தாக்கினார். இன்றுவரை அது நிறுவப்படவில்லை.

கோல்ட்பாக்கின் ஊகங்கள் யாவும் நிலைத்தன அல்ல. ஒற்றை எண் ஒவ்வொன்றும் ஒரு முதன்மை எண்ணும் ஒரு வர்க்கத்தின் இருமடங்கும் சேர்ந்தது என 1752 இல் எழுதினார். ஒயிலர் முதலில் 1000 வரையும், பின்னர் 2500 வரையும் கையாற் கணித்துச் சரிபார்த்து அறிவித்தார். 5777, 5993 ஆகியன அதற்கு அடங்கா என்பதை 1856 இல் ஸ்ரேண் கண்டார். பிழையான ஊகத்திற்கும் அத்துணை உழைப்பு! இரு வர்க்கங்கள் பற்றிய பேர்மாவின் தேற்றத்துக்கான நிறுவலை 1749 இலும், நம் பாடசாலை மாணவரும் அறிந்த, திண்மங்களின் முகம், உச்சி, விளிம்பு பற்றிய தொடர்பை 1750 இலும் ஒயிலர் இந்நண்பருக்கு எழுதினார்.

ஒயிலரின் மூத்த மகன் யோகான் அல்பிரெக்டின் ஞானத்தந்தை கோல்ட்பாக். ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவும் ருஷ்யாவும் பகை நாடுகளாயின, நட்பு முறியவில்லை. கோல்ட்பாக் 1764 நவெம்பரில் மொஸ்கோவில் இறந்தார். ஒயிலர் பீற்றர்ஸ்பேர்க்கிற்கு மீண்டது 1766 இல். இக்கடிதங்களை 1843 இல் அச்சேற்றிய பவுல் ஹைன்றிச் பூஸ், அந்த யோகான் அல்பிரெக்டின் மகள்வயிற்றுப் பேரனாவார்.