அப்பப்பாக்கள் ஓட்டிய கப்பல்

வல்வெட்டித்துறையில் ஒரு தலைமுறைப் பேரப்பிள்ளைகளுக்கு அப்பப்பா என்றாலே கடல்தான் நினைவுக்கு வரும். பாய்க்கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் போய், அரிசியும் மரமும் ஏற்றி வந்து குடும்பம் வளர்த்தவர்கள் அவர்கள். கரையில் அப்பம்மாக்கள் பிள்ளைகளை வளர்த்தபடி, காற்று மாறி அவர்கள் திரும்பும்வரை காத்திருந்தார்கள்.

அவர்களுடைய திறமைக்குச் சாட்சி 'அன்னபூரணி'. 1930ல் இந்த ஊரிலேயே கட்டிய, 89 அடி நீளமான பாய்க்கப்பல் அது. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தார்கள். சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாம் தாண்டி, 1938 ஓகஸ்டில் கப்பல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

நான்கே வருடங்களில் நிலைமை மாறியது. 1942ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது; பர்மா வியாபாரமும் படுத்தது. பாய்க்கப்பல்களின் காலமும் மெல்ல முடிந்தது.

அமெரிக்காவரை போன கப்பலைப் பற்றியாவது எழுதினார்கள். மற்றக் கப்பல்களில் உழைத்த எத்தனையோ பேரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தா இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் போய் உட்காருங்கள்.