முன் என்னும் சொல்

அரசாங்கத் துறைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தலைநகரிலிருந்தே தொடங்குகிறார்கள். அமைச்சர்களின் வரிசையும் பெயர்ப்பலகை மாறிய தேதிகளும் அதில் கிடைக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கதையைச் சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் நின்று பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. அந்தக் கதை முழுவதும் ‘முன்’ என்ற ஒரு சொல்லின் மீது நிற்பது அங்கிருந்துதான் புலப்படும்.

தேதிகளை முதலில் சொல்லிவிடலாம். 1972 ஜூனில் ஸ்டாக்ஹோம் மாநாடு. அதே ஆண்டில் டில்லியில் சுற்றுச்சூழல் திட்டமிடலுக்கென்று ஒரு தேசியக் குழு. அதற்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும். 1976-இல், நெருக்கடி நிலையின் நடுவே வந்த 42-ஆவது திருத்தம், காடுகளைப் பாதுகாப்பதை அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் அரசியல் சட்டத்தில் எழுதியது. கூடவே காடு மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. குடிமக்களின் உரிமைகள் முடங்கிக் கிடந்த நாட்களில் மரங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் யாரும் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. 1980 அக்டோபரில் வனப் பாதுகாப்புச் சட்டம், நவம்பரில் சுற்றுச்சூழல் துறை. 1984 டிசம்பரில் போபால். 1985 ஜனவரியில் அமைச்சகம், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 2014-இல் பெயரோடு ‘பருவநிலை மாற்றம்’ சேர்ந்துகொண்டது.

மலை இதற்கெல்லாம் மூத்தது. மலையின் மீது நடந்த காரியங்களும் மூத்தவை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். சேர்வராயனைக் கும்பிட்டு மலையில் வாழ்ந்துவந்த மலையாளிப் பழங்குடியினரைச் சுற்றி எஸ்டேட்டுகள் வளர்ந்தன. அடிவாரத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட், நூறாண்டுக்கும் மேலாக வெட்டப்பட்டு வந்தது. ரயிலிலிருந்து பார்க்கிறவனுக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும் அந்தக் கரடுகள்தான் சேலத்தின் முதல் அடையாளம். 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்ததும் சேர்வராயன் மலையின் உச்சி நிலங்களிலிருந்து பாக்சைட் லாரிகளில் கீழே இறங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1963-இல், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டமொன்றை அமைத்தது. இந்த ஆய்வகம் பிறகு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வந்தது. ஆக, டில்லி அமைச்சகத்துக்கு இந்த மலையில் ஒரு முகவரி உண்டு: அரிய செடிகளைத் தொட்டிகளில் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு தோட்டம். தொட்டிக்கு வெளியே உள்ள மலையைப் பற்றி அமைச்சகத்தின் நிலை என்ன என்பதுதான் கேள்வி.

பதிலை அதன் கோப்புகளில் தேட வேண்டும். 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே ஒரு காரியத்தைச் செய்தது. காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றுமுன் மத்திய அரசைக் கேட்க வேண்டும் என்றது. 1994 ஜனவரி அறிவிக்கை இன்னும் ஒரு படி போயிற்று. சுரங்கம், அணை, ஆலை முதலியவை தொடங்குமுன் விளைவுகளை ஆராய்ந்து அனுமதி பெற வேண்டும். 1997-இல் இதோடு பொதுமக்கள் கருத்துக் கேட்பு சேர்ந்தது. 2006-இல் இதெல்லாம் புது அறிவிக்கையாகத் திரட்டப்பட்டது. சுரங்கக் குத்தகையைப் புதுப்பிப்பதற்கும் இந்த ஆய்வு தேவை என்று 2004-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அமைச்சகத்துக்கு முன்பே தோண்ட ஆரம்பித்தவர்களும் ஒரு நாள் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. 2008-இல் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டுவது நின்றதற்கு இந்தச் சொல்லின் பலமும் ஒரு காரணம்.

ஒரு மரத்தை வெட்டிய பிறகு வெட்டலாமா என்று கேட்பதில் அர்த்தமில்லை என்ற சாதாரண அறிவுதான் இது. ஆனால் சாதாரண அறிவுக்குச் சட்டத்தில் ஆயுள் குறைவு.

2018-இல் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டது. பெயர் பசுமை வழிச்சாலை. ஐந்து மாவட்டங்களின் வயல்களிலும் தோப்புகளிலும், சேர்வராயன் மலையின் கிழக்கே மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கத்துக் கிராமங்களிலும், போலீஸ் காவலோடு அளவுக்கல் நட்டார்கள். சுற்றுச்சூழல் அனுமதி அப்போது வந்திருக்கவில்லை. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது; அனுமதி முதலில், நிலம் பிறகு என்பது அதன் தர்க்கம். 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் மாறாகச் சொன்னது. நிலமெடுப்பதாக அறிவிப்பதற்கு முன் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குமுன் போதும். சட்டத்தின் எழுத்துப்படி இது பிழையென்று சொல்வது கடினம். ஆனால் தன் தென்னந்தோப்பில் கல் நட்டதைப் பார்த்த விவசாயிக்கு ‘முன்’ என்பது எந்த நாள்? கல் விழுந்த அன்றே அந்த நிலத்தை விற்கவும் முடியாது, அதன்பேரில் கடன் வாங்கவும் முடியாது. அவனுக்கு வேலை அன்றே தொடங்கிவிட்டது.

இதற்கிடையில் அமைச்சகமே தன் சொல்லைத் தளர்த்திக்கொண்டது. அனுமதியின்றித் தொடங்கியவர்கள் பிறகு விண்ணப்பிக்க 2017 மார்ச்சில் ஓர் அறிவிக்கை ஆறு மாத அவகாசம் தந்தது. 2021-இல் ஒரு குறிப்பாணை அந்த வழியை மீண்டும் திறந்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில், மூவரில் இருவர் பெரும்பான்மையில், அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. கட்டி முடித்தவற்றை இடிப்பது பொருளாதார விரயம் என்பது வாதம். விரயம்தான். ஆனால் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் சீக்கிரமாகக் கட்டிவிடுகிறவன் எப்போதும் ஜெயிப்பான்.

ஓர் அமைச்சகத்தை அதன் நோக்கங்களை வைத்து மதிப்பிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நோக்கங்கள் எல்லாம் நல்லவையே. அதன் அதிகாரம், காலத்தில் அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தோண்டுமுன் நின்றால் அது அரசு. தோண்டிய பின் வந்தால் அபராத ரசீது எழுதும் குமாஸ்தா. மலையிலிருந்து ஏற்கனவே இறங்கிவிட்ட பாக்சைட்டை எந்த ரசீதும் மேலே ஏற்றாது.