பி.யூ.சி.யும் சி.இ.டி.யும்

எங்க மர்பி டவுனில் ப்ளஸ் டூ என்று சொல்ல மாட்டோம், செகண்ட் பி.யூ.சி.தான். அந்த வருஷம் வந்தாலே வீட்டில் சி.இ.டி. பேச்சு. (காமர்ஸ்காரன் நான், தப்பித்தேன்!)

1989 கணக்குப்படி தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு சீட்டுக்கு வருஷம் 2,000 ரூபாய், அது கிடைக்காத கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000. மீரட் மாணவி மோகினி ஜெயின் வழக்குப் போட்டார். 1992இல் உச்ச நீதிமன்றம் இதைக் கேபிடேஷன் என்றே சொன்னது. 1993 உன்னிகிருஷ்ணன் தீர்ப்பில் பாதி சீட் ஃப்ரீ சீட் ஆனது. 1994இல் சி.இ.டி. வந்தது: ஒரே பாரம், ஒரே ரேங்க். வீட்டில் தமிழ் பேசினால் என்ன, கர்நாடகத்தில் ஏழு வருஷம் படித்து இங்கேயே எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. முடித்தால் சீட்டுக்குத் தகுதி உண்டு.

2002இல் டி.எம்.ஏ. பை தீர்ப்பு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. தனியார் கல்லூரிகள் காமெட்கே என்று தனித் தேர்வு வைத்தன. மறுபடி இரண்டு பாரம், இரண்டு ஃபீஸ்.