நெல்லில் வகுத்த பள்ளி: எண்ணாயிரம் கல்வெட்டை மீண்டும் வாசித்தல்

சோழர் காலக் கல்விச்சாலைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் எந்தக் கட்டுரையும் இன்றுவரை கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி வகுத்துத் தந்த தடத்திலேயே நடக்கிறது. 1935இலும் 1937இலும் இரு பகுதிகளாக வெளிவந்து 1955இல் திருத்தம் பெற்ற அவருடைய சோழர் வரலாற்று நூல், எண்ணாயிரம், திருபுவனை, திருமுக்கூடல் ஆகிய மூன்று ஊர்க் கல்வெட்டுகளை அடுத்தடுத்து நிறுத்தி, அவற்றை இயங்கிக்கொண்டிருந்த கல்லூரிகளின் சித்திரங்களாகக் காட்டுகிறது. அந்தச் சித்திரத்துக்குப் பின்னால் அவருடைய பெரிய கருத்து ஒன்று நிற்கிறது. திறமையான அரச நிர்வாகமும் உயிர்ப்புள்ள ஊர்ச்சபைகளும் கைகோத்துக் குடிமை உணர்வை வளர்த்தன. கல்வி நிவந்தங்கள் அந்த உணர்வின் கனிகள் என்பதே அது. சாஸ்திரியின் உழைப்புக்குத் தலைவணங்காமல் இத்துறையில் யாரும் ஓரடி வைக்க முடியாது. ஆனால் அவர் பள்ளியின் விவரணையாகப் படித்த கல்வெட்டை ஒரு திட்ட ஆவணமாகப் படிக்க வேண்டும் என்பது என் வாதம். அப்படிப் படித்தால், ஊரார் கூடி ஒரு பள்ளியின் நெடுங்கால வசதிகளை எப்படி வகுத்தார்கள் என்பது தெரியும். அந்த ஏற்பாடு பள்ளி நிலைத்து நிற்க வழிசெய்தது, வளர வழிசெய்யவில்லை என்பதும் அதோடு தெரியும்.

எண்ணாயிரம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. சோழர் காலத்தில் அது ராஜராஜச் சதுர்வேதிமங்கலம். 1917ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தொகுப்பில் 333ஆம் எண்ணுள்ள கல்வெட்டு முதலாம் ராஜேந்திரன் ஆட்சியைச் சேர்ந்தது. அதற்குமேல் ஆண்டை இறுக்கிப் பிடிக்க இந்த வாதத்துக்குத் தேவையில்லை. அரசன் ஆணைப்படி மகாசபை கூடிச் செய்த ஏற்பாடுகளை அது பட்டியலிடுகிறது. கோயிலில் உணவளிப்பு, திருவாய்மொழி ஓதுவோருக்கான பங்கு ஆகியவற்றோடு பள்ளியும் வருகிறது. இளைய மாணவர் 270 பேர்: இருக்குக்கு 75, யசுருக்கு 75, சாந்தோக சாமத்துக்கு 20, தலவகார சாமத்துக்கு 20, வாஜசநேயத்துக்கு 20, அதர்வத்துக்கு 10, போதாயனீய கிருகியம் முதலியவற்றுக்கு 10, ரூபாவதார இலக்கணத்துக்கு 40. மூத்த மாணவர் 70 பேர்: வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. ஆசிரியர் 14 பேர். இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவருக்கு 1 குறுணி 2 நாழி. ஆண்டுக்கு மொத்தம் 10,506 கலம் நெல்லும் அறுபத்தொன்றரைக் கழஞ்சு பொன்னும். இதற்காக ஒதுக்கிய நிலம் 45 வேலி.  

இந்தத் தொகைகளை மெதுவாகப் பார்க்க வேண்டும். 75, 75, 20, 20, 20, 10, 10, 40, 25, 35, 10 என்ற வரிசையில் ஐந்தால் வகுபடாத எண் ஒன்றுகூட இல்லை. உயிருள்ள பள்ளியில் மாணவர் ஐந்தைந்தாக வந்து சேர்வதில்லை. ஐந்தைந்தாக விலகுவதும் இல்லை. இவை எண்ணிப் பார்த்த தலைகள் அல்ல, ஒதுக்கிய இடங்கள். நெல் கணக்கும் இதையே உறுதிசெய்கிறது. 270 பேருக்கு 6 நாழி வீதம் 1,620 நாழி. 70 பேருக்கு 10 நாழி வீதம் 700 நாழி. ஆக நாளொன்றுக்கு 2,320 நாழி. குறுணிக்கு 8 நாழி, கலத்துக்கு 12 குறுணி என்ற வாய்பாட்டில் இது 24 கலம் 2 குறுணி. ஆண்டை 360 நாளாகக் கொண்டால் 8,700 கலம். மொத்தத் தொகையான 10,506 கலத்தில் இதைக் கழித்தால் 1,806 கலம் மிஞ்சுகிறது. ஆசிரியர் 14 பேரின் பங்கு அதற்குள் அடங்கும். மாணவருள் ஒருவர்கூட நோயால் ஊர் திரும்பவில்லை, ஓர் இடம்கூடக் காலியாக இல்லை என்ற அடிப்படையில் போட்ட கணக்கு இது. நடந்த செலவின் பதிவு இவ்வளவு முழுமையாக இருக்க முடியாது. இது வரவுசெலவுத் திட்டம்.

சாஸ்திரி இதை அறியாதவர் அல்லர். இத்தனை மாணவருக்கு ஏற்பாடு செய்யப்பட்டது என்றுதான் எழுதுகிறார். ஆனால் அவர் கல்லூரி என்ற பெயரைச் சூட்டி, பாடப்பிரிவுகளைப் பல்கலைக்கழகத் துறைகளைப்போல வரிசைப்படுத்தும்போது, ஏற்பாடு என்ற சொல்லின் எடை வாசகரின் மனத்தில் கரைந்துவிடுகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தச் சொல்லையும் விட்டுவிட்டு, எண்ணாயிரத்தில் 340 பேர் படித்தனர் என்றே எழுதினர். அதன் தொடர்ச்சியாக, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையின் 95 சட்டர்களையும் (மாணவரையும்) எண்ணாயிரத்தின் 340 பேரையும் ஒரு கோட்டில் வைத்து, இரு நூற்றாண்டுகளுக்குள் கல்வி மூன்றரை மடங்கு வளர்ந்தது என்று காட்டுவோரும் உண்டு. இரண்டும் வேறு நாடு, வேறு அரச மரபு, வேறு நில வளம். ஒன்றிலிருந்து மற்றொன்று வளர்ந்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 340 என்பது ஒரு நிலத் தொகுதி தாங்கக்கூடிய வாய்களின் எண்ணிக்கை.

பார்த்திவசேகரபுரம் செப்பேடு என் வாதத்துக்கு எதிராகவும் பேசுகிறது என்பதை மறைக்கக் கூடாது. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்தச் சாலையில் 95 இடங்களும் வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14 என்று பிரிகின்றன: பவிழியருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14. இவற்றில் 36ம் 14ம் திட்டமிட்டு எழுதிய எண்களாகத் தோன்றவில்லை. அப்படியானால் இங்கே தலைகளை எண்ணித்தான் எழுதினார்களா? என் விடை ஊகமே, ஆனால் அதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மன்னன் இந்தச் சாலைக்கான நிலத்தை முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான். ஏற்கெனவே உரிமை கொண்டிருந்த ஒரு சபையோடு பேசி முடித்த ஏற்பாடு அது. அத்தகைய பேச்சில் ஒவ்வொரு சரணத்தாரும் (வேதப் பிரிவாரும்) தங்கள் பங்கைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். பேரத்தில் முடியும் எண்கள் உருண்டையாக இருப்பதில்லை. எண்ணாயிரத்திலோ ஆணை மேலிருந்து வருகிறது, சபை அதை நிறைவேற்றுகிறது. எண்கள் சீராக இருக்கின்றன. இது சரியென்றால், சபையின் கை ஓங்கியிருந்தது பிந்தைய சோழக் கல்வெட்டில் அல்ல, முந்தைய ஆய்ச் செப்பேட்டில். சாஸ்திரி காட்டும் திசைக்கு இது நேர் எதிர். இரண்டே சான்றுகளை வைத்து இதை முடிந்த முடிபாகச் சொல்ல முடியாது. திருமுக்கூடலில் மாணவர் மொத்தம் 60 என்ற உருண்டை எண்ணுக்குள்ளேயே சைவர் 3 என்ற சிற்றெண் வருவது, சிறு பிரிவுகளுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்று எச்சரிக்கிறது.

இனி வசதிகள். எண்ணாயிரத்தின் 10,506 கலத்தில் 8,700 கலம் மாணவர் சோற்றுக்கே போகிறது. ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு. கூரை பழுதானால் மாற்ற, சுவடி படியெடுக்க, இடம் போதாமல் போனால் புதிதாகக் கட்ட என்று இந்தப் பங்கீட்டில் தனி வரி இல்லை. கோயில் மண்டபம் இருக்கும்வரை பள்ளிக்கு இடம் உண்டு, கோயில் பழுதைக் கோயில் பார்த்துக்கொள்ளும் என்பது சபையின் எண்ணமாக இருக்க வேண்டும். ஆக ஒரு பள்ளியின் முதன்மையான வசதி சோறு என்று அந்த ஊரார் முடிவு செய்தார்கள். இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து பல ஆண்டுகள் தங்கிப் படிக்கும் முறையில் அது மிகச் சரியான முடிவு. பொன்னில் வட்டிக்கு விடும் முதலைவிட நிலத்தில் விளையும் நெல்லை நம்பியதும் அப்படியே. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆறு நாழி நெல் ஒரு பிள்ளையின் வயிற்றுக்குப் போதும்.

வளர்ச்சி என்று வரும்போது இதே ஏற்பாடு தடையாகிறது. 45 வேலி முழுவதும் இந்தப் 10,506 கலத்துக்கே என்று கொண்டால், வேலிக்குச் சுமார் 233 கலம் வருகிறது. ஓர் இளைய மாணவனுக்கு ஆண்டுக்கு வேண்டியது 22½ கலம். அதாவது ஒரு மாணவனைக் கூடுதலாகச் சேர்க்க, வேலியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சுமார் 2 மா நிலம் வேண்டும். பத்துப் பேரைச் சேர்க்க ஒரு வேலி. அந்த நிலம் எங்கிருந்து வரும்? ஊரில் காணி உடையவர்களிடமிருந்துதான் வர வேண்டும். முடிவெடுக்கும் சபையிலும் அவர்களே இருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளுள் 921ஆம் ஆண்டுக்குரியது, வாரியத்துக்குத் தேர்வு பெறக் கால் வேலி இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதப் பயிற்சியும் கேட்கிறது. எண்ணாயிரத்தில் இதே விதி இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சதுர்வேதிமங்கலச் சபை யாருடைய சபை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நமக்கு இல்லை. ஊராரின் கருத்து என்று சாஸ்திரி கொண்டாடுவது நில உடைமையாளரின் கருத்து. பள்ளி ஒவ்வொரு முறை வளரும்போதும் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் கைவிட வேண்டியவர்கள், பள்ளியின் அளவை ஒருமுறை வகுத்துக் கல்லில் வெட்டிச் சந்திர சூரியர் உள்ளவரை என்று முடித்துவிட்டது இயல்பானதே.

நிலத்தை உழுத குடிகளின் குரல் கல்வெட்டில் இல்லை. அவர்களின் சுமை எண்களில் இருக்கிறது. 1048இல் முதலாம் ராஜாதிராஜன் காலத்துத் திருபுவனைக் கல்வெட்டு, 260 மாணவருக்கும் 12 ஆசிரியருக்குமாக 72 வேலி நிலத்திலிருந்து 12,000 கலம் என்கிறது. வேலிக்குச் சுமார் 167 கலம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் நில வரியான காணிக்கடன் பொதுவாக வேலிக்கு நூறு கலத்தை ஒட்டியே வருகிறது. அதற்குப் பக்கத்தில் எண்ணாயிரத்தின் 233 கலம் மிக அதிகம். மரக்கால் அளவு ஊருக்கு ஊர் மாறியிருக்கலாம். இரு போகம் விளைந்திருக்கலாம். 45 வேலிக்கு அப்பாலும் வரவு இருந்திருக்கலாம். இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்ட பிறகும் இடைவெளி முழுவதும் அடைபடவில்லை என்றே நினைக்கிறேன். பள்ளிக்கு இவ்வளவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு அதை நிலத்தின் மேல் ஏற்றியிருந்தால் இத்தகைய வீதம் வரும். அப்படியென்றால் பள்ளியின் சோறு மேல்வாரத்தில் மட்டுமின்றி உழவர் பங்கிலும் கைவைத்தது.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கல்வெட்டு உணவு பெறுவோரை மட்டுமே எண்ணுகிறது. தம் வீட்டில் உண்டு பாடம் கேட்க வந்த உள்ளூர்ப் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே பள்ளி எழுதாமலே வளர்ந்திருக்கலாம் என்பது. இதை என்னால் முற்றாகத் தள்ள முடியவில்லை. ஆனால் அப்படி வளர்ந்திருந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் கூட வேண்டும், அதற்கு நெல் வேண்டும், நெல் கூடினால் கல்லில் ஏற வேண்டும். நிவந்தத்தில் நாழிக் கணக்கைக்கூட விடாமல் வெட்டியவர்கள் அதை விட்டிருப்பார்களா? திருபுவனையில் பயில்வோரும் பயிற்றுவோரும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டனர் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். படிப்புக்கு இடையூறு வரக் கூடாது என்ற நல்ல நோக்கமே காரணமாக இருக்கலாம். விளைவு என்னவென்றால், பள்ளிக்கு எது போதவில்லை என்று அன்றாடம் அறிந்தவர்கள் ஊர் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாமல் போனார்கள்.

வளர்ச்சி வேறு வழியில் நடந்தது: இருக்கும் பள்ளி பெருகவில்லை, பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்களை வித்தியாபோகமாக (கல்விக் கொடையாக) பெற்ற பாகூர், அதன்பின் எண்ணாயிரம், பின்னர் திருபுவனை ஆகிய மூன்றும் இன்றைய புதுச்சேரி விழுப்புரம் வட்டாரத்துக்குள்ளேயே அடங்கும். முந்தைய பள்ளியிலிருந்து பிந்தையதற்கு ஆசிரியர் போனார்களா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அடுத்தடுத்து வந்த ஏற்பாட்டாளர்கள் முந்தியதைப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள் என்பதற்கு 1067ஐ ஒட்டிய வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு நல்ல அடையாளம். அங்கே மாணவர் 60 பேர்தான். ஆனால் ஜனநாத மண்டபத்தில் பயின்ற அவர்களுக்குப் பாயும், இரவு விளக்குக்கு எண்ணெயும், சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெயும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. வீரசோழன் என்ற ஆதுலர்சாலையில் (மருத்துவமனையில்) 15 படுக்கைகள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவருக்கு நாளுக்கு மூன்று குறுணி நெல்லும் ஆண்டுக்கு எட்டுக் காசும். அறுவை செய்பவருக்கு ஒரு குறுணி. மூலிகை கொண்டுவர இருவர். நோயாளரைக் கவனிக்கப் பெண்கள் இருவர். முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். எண்ணாயிரத்தின் கணக்கில் நோய்க்கு இடமே இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் ஒருவர், தங்கிப் படிக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வரும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். இந்தத் திருத்தம் பள்ளிகளை நடத்திய அனுபவத்திலிருந்து வந்ததா, கோயில் நிர்வாகத்தின் தனி வளர்ச்சியா என்பதை இப்போதுள்ள சான்றுகளால் பிரிக்க முடியாது. திருமுக்கூடலின் செலவுப் பட்டியலை எண்ணாயிரத்தின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்தெந்தச் செலவு புதிது, எது பெயர் மாறிய பழையது என்று பிரித்தெடுப்பதே இனிச் செய்ய வேண்டிய வேலை.