கைத்தொழிற்சாலைகளின் சூழற் கண்காணிப்பு: 1863 ஆம் ஆண்டின் காரச் சட்டம் – ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற்சாலைகளால் விளையும் சூழற் பாதிப்பைப் பற்றிச் சிந்திப்போர் பெரும்பாலும் தொழிற்சாலை அமைக்கப்படுவதற்கு முந்திய கட்டத்தையே மனங்கொள்வர். இடம் பொருத்தமானதா, அனுமதி வழங்கலாமா என்னும் வினாக்களே விவாதங்களில் முதன்மை பெறுகின்றன. ஆனால் தொழிற்சாலை ஒருமுறை அமைக்கப்படுகின்றது. பல தசாப்தங்கள் இயங்குகின்றது. உலை மூட்டப்படும் ஒவ்வொரு நாளும் அதிலிருந்து வெளியேறுவது யாது, அதன் அளவு எவ்வளவு, அதனை அளப்பவர் யார், அளவு மீறப்படின் செய்யத்தக்கது யாது என்பனவே அதன் அயலில் வாழ்வோரின் நலனைத் தீர்மானிக்கும் வினாக்களாகும். இவ்வினாக்களுக்கு அரசொன்று முறையாக விடை காண முற்பட்ட ஆரம்ப முயற்சிகளுள் 1863 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய காரச் சட்டம் தனியிடம் பெறுகின்றது. அச்சட்டத்தின் வெற்றியையும் குறைபாடுகளையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடி, சவர்க்காரம், துணி ஆகியவற்றின் உற்பத்திக்குச் சோடா எனப்படும் சோடியம் காபனேற்று இன்றியமையாதது. தாவரச் சாம்பலிலிருந்து பெறப்பட்டு வந்த இக்காரத்தைக் கறியுப்பிலிருந்து பெறும் முறைக்குப் பிரான்சைச் சேர்ந்த நிக்கலஸ் லெபிளாங் 1791 இல் காப்புரிமை பெற்றார். உப்புடன் சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கிச் சோடியம் சல்பேற்றைப் பெற்று, அதனைச் சுண்ணாம்புக்கல்லுடனும் நிலக்கரியுடனும் உலையிலிட்டு, கிடைக்கும் கரிய சாம்பலை நீரிற் கரைத்துச் சோடாவைப் பிரித்தெடுப்பதே அம்முறையாகும். இதன் முதற்படியில் ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும். இரசாயனக் கணக்கின்படி 100 தொன் உப்பிலிருந்து ஏறத்தாழ 62 தொன் வாயு பிறக்கும். சோடா பிரிக்கப்பட்ட பின் எஞ்சும் கழிவோ கல்சியம் சல்பைட்டு மிகுந்தது. மழையிலும் வெயிலிலும் கிடந்து அழுகிய முட்டையின் நாற்றத்தை வீசுவது. ஆகவே, இக்கைத்தொழில் தன் விளைபொருளோடு காற்றுக்கொரு நஞ்சையும் நிலத்துக்கொரு நஞ்சையும் உடன்பிறப்புகளாகக் கொண்டே தோன்றிற்று எனலாம்.

ஜேம்ஸ் மஸ்பிராற் என்பவர் 1823 இல் லிவர்பூலில் இம்முறைப்படி சோடா உற்பத்தியைத் தொடங்கினார். உப்பின் மீதான வரி 1825 இல் நீக்கப்பட்டதும் இத்தொழில் விரைந்து பரவிற்று. சென்ற் ஹெலன்ஸ், விட்னெஸ், தைன் ஆற்றங்கரை, கிளாஸ்கோ ஆகிய இடங்கள் அதன் மையங்களாயின. வாயு ஈரக் காற்றோடு கலந்து அமிலமாகி இறங்கிய இடங்களில் மரங்கள் இலையுதிர்த்துப் பட்டன, பயிர்கள் கருகின, இரும்புப் பொருள்கள் அரிக்கப்பட்டன. உற்பத்தியாளர் கண்ட முதற் பரிகாரம் புகைபோக்கியை உயர்த்துவதாகும். கிளாஸ்கோவின் சென்ற் றொலொக்ஸ் ஆலையில் 1842 இல் எழுப்பப்பட்ட புகைபோக்கி 435 அடி உயரமானது. உயரம் கூடக் கூட வாயு குறையவில்லை. அது வந்து விழும் இடமே தொலைவாயிற்று. அருகிலிருந்தவனின் துன்பம் அப்பாலிருந்தவனுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பாதிக்கப்பட்டோருக்கு அக்காலச் சட்டம் அளித்த வழி, தொல்லை விளைவித்தமைக்காக வழக்குத் தொடுப்பதே. மஸ்பிராற்றின் லிவர்பூல் ஆலைக்கெதிராக 1838 இல் வழக்குத் தொடரப்பட்டது. அவர் நியூட்டனில் அமைத்த ஆலையும் நிலவுடைமையாளர் தொடுத்த வழக்குகளினால் 1850 அளவில் மூடப்பட்டது. ஆயினும் அவரது தொழில் முடிவடையவில்லை. விட்னெசிலும் வேல்சின் பிளிந்திலும் புதிய ஆலைகள் எழுந்தன. வழக்கு ஆலையை இடம்பெயர்த்ததேயன்றி வாயுவை அடக்கவில்லை. சென்ற் ஹெலன்ஸ் செப்பு உருக்காலையொன்றுக்கெதிராக வில்லியம் திப்பிங் என்னும் பெருநிலக்கிழார் தொடுத்த வழக்கு 1865 இல் பிரபுக்கள் சபை வரை சென்று அவருக்குச் சார்பாக முடிந்தது. அவருக்குக் கிடைத்த நட்டஈடு சுமார் 361 பவுண். இத்தகைய வழக்கைத் தாங்கும் பொருள்வளம் ஒரு குடியானவனுக்கோ கூலித் தொழிலாளிக்கோ இருந்திருக்க முடியாது. மேலும், பல புகைபோக்கிகள் நெருங்கி நின்ற ஊரில் தன் பயிரைக் கருக்கியது எந்த ஆலையின் வாயு என்று நிறுவுதல் அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கு என்பது கேடு நிகழ்ந்த பின்னரே பிறப்பது.

தொழில்நுட்பம் இல்லாமையினால் இந்நிலை நீடித்தது என்று கூறுவதற்கில்லை. வில்லியம் கொசேஜ் என்பார் 1836 இலேயே வாயுவை நீரிற் கரைக்கும் கோபுரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கோபுரத்தினுள்ளே நிரப்பப்பட்ட பொருள்களின் மேல் நீர் மெல்ல வழிந்திறங்கும். கீழிருந்து மேலேறும் வாயு அந்நீரிற் கரைந்துவிடும். கைக்கெட்டிய இப்பரிகாரம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பொதுவழக்காகாமைக்குக் காரணம் வெளிப்படையானது. கோபுரத்துக்குச் செலவு உண்டு. கிடைத்த அமிலத்துக்குப் போதிய சந்தை இல்லை. புகைபோக்கியோ செலவின்றி வாயுவை ஏற்றுக்கொண்டது. அமைத்தவர்களுள்ளும் கோபுரத்தை ஒழுங்காக இயக்கியோர் சிலரே. கருவியை வைத்திருத்தல் வேறு, அதனை நாள்தோறும் செவ்வனே இயக்குதல் வேறு என்னும் உண்மை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1862 இல் பிரபுக்கள் சபை, தீங்கான வாயுக்களை ஆராயத் தெரிகுழுவொன்றை நியமித்தது. அதன் தலைவராயிருந்த டேர்பிப் பிரபு முன்னாட் பிரதமர். அவரது நோஸ்லி பண்ணை சென்ற் ஹெலன்சுக்கு அயலிலே அமைந்திருந்தது. நிலவுடைமை வர்க்கத்தின் மரங்களும் வயல்களும் கருகியமையே பாராளுமன்றத்தை அசைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. எவ்வாறாயினும், மறு ஆண்டு நிறைவேறிய சட்டம் புதியதொரு நெறியை வகுத்தது. ஒவ்வொரு கார ஆலையும் பதிவு செய்யப்படல் வேண்டும். பிறக்கும் ஐதரசன் குளோரைட்டில் நூற்றுக்கு 95 பங்கையேனும் ஒடுக்குதல் வேண்டும். மத்திய அரசாங்கம் நியமிக்கும் பரிசோதகர் ஆலையினுட் புகுந்து சோதிக்கும் உரிமை உடையவர். வாயுவை ஒடுக்கும் கருவிகளிற் பணிபுரிவோருக்கென உரிமையாளர் சிறப்பு விதிகளை ஆக்கி அரசின் ஒப்புதலைப் பெறவும் சட்டம் இடமளித்தது. கேடு நிகழ்ந்ததா என்ற வினாவின் இடத்தில், ஆலை இன்று எவ்வாறு இயங்குகின்றது என்ற வினா வைக்கப்பட்டது. இதுவே அச்சட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

முதலாவது பரிசோதகராக நியமனம் பெற்றவர் றொபேட் அங்கஸ் சிமித். ஜேர்மனியில் லீபிக்கிடம் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்ற இரசாயனவியலாளர் இவர். அமில மழை என்னும் தொடரைத் தமது 1872 ஆம் ஆண்டு நூலில் ஆண்டவர். அவருக்குத் துணையாக நால்வர் நியமிக்கப்பட்டனர். சட்டம் கூறிய 95 என்ற எண்ணை ஆலையில் மெய்ப்பிப்பது எளிதன்று. உட்செலுத்திய உப்பின் அளவு, புகைவழியிற் செல்லும் காற்றின் வேகம், அக்காற்றிற் கலந்துள்ள அமிலத்தின் அளவு ஆகிய மூன்றும் தெரிந்தாலன்றி விடை கிடையாது. துணைப் பரிசோதகராயிருந்து பின்னர் சிமித்தின் பதவிக்கு வந்த அல்பிரட் பிளெச்சர், வெப்பமும் புகையும் நிறைந்த வழியிற் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியொன்றை ஆக்கினார். சட்டம் அளவையைக் கோரிற்று. அக்கோரிக்கை அளவைக் கலையை வளர்த்தது. ஆலைகள் விரைவிலேயே விதிக்கப்பட்ட எல்லையைக் கடந்து கூடிய பங்கை ஒடுக்கலாயின. ஐந்தாண்டுக் காலத்துக்கெனப் பிறந்த சட்டம் 1868 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

எனினும் குறை தீரவில்லை. நூற்றுக்கு 5 பங்கு வெளியேறலாம் எனின், 100 தொன் வாயுவைத் தோற்றுவிக்கும் ஆலை 5 தொன்னை வெளிவிடலாம். உற்பத்தி இருமடங்காகுமாயின் வெளியேற்றமும் 10 தொன்னாகும். அத்தகைய ஆலைகள் பத்து ஓரிடத்திற் கூடின் ஒவ்வொன்றும் சட்டத்துக்கு அமைந்தே ஒழுகும். ஊரோ 100 தொன்னைச் சுவாசிக்கும். விகிதத்தை மாத்திரம் நோக்கும் கட்டுப்பாட்டின் உள்ளார்ந்த குறை இது. 1874 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை ஓரளவு சீர்செய்தது. புகைவழிக் காற்றின் ஒவ்வொரு கன அடியிலும் அமிலம் 0.2 கிறெயின் எடையைத் தாண்டலாகாது என அது வரையறுத்தது. சோதிப்பதற்கு இவ்வளவு எளிதாயிற்று. ஏனைய தீங்கான வாயுக்களைப் பொறுத்தவரை, நடைமுறையிற் கைக்கொள்ளத்தக்க மிகச் சிறந்த வழிவகைகளை உரிமையாளர் கையாளல் வேண்டும் என்ற கோட்பாடும் புகுத்தப்பட்டது. தொழில்நுட்பம் வளரக் கடமையும் வளரும் என்பது அதன் நலன். எது நடைமுறைக்கு இயலும் என்பதை உரிமையாளரும் பரிசோதகரும் தமக்குள்ளே பேசித் தீர்மானிக்க இடமளித்தமை அதன் தீங்கு.

இன்னொரு குறை, சட்டம் காற்றை மாத்திரம் கண்டமையாகும். கோபுரத்தில் ஒடுக்கப்பட்ட அமிலத்தை விற்க இயலாத ஆலைகள் அதனை ஓடைகளில் விட்டன. சென்ற் ஹெலன்சின் சாங்கி ஓடையில் அவ்வமிலம் கல்சியம் சல்பைட்டுக் கழிவோடு கலந்தபோது ஐதரசன் சல்பைட்டு மேலெழுந்தது. காற்றிலிருந்து அகற்றப்பட்ட நஞ்சு நீர்வழியாக மீண்டும் காற்றுக்கே வந்து சேர்ந்தது. ஆலையினுள்ளே பணிபுரிந்தோரின் நிலையும் இச்சட்டத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. உப்பு உலைகளில் நின்றோரின் பற்களை அமிலம் அரித்தது. வெளிற்றும் தூள் அறைகளிற் புகுந்தோர் கம்பளித் துணியை வாயிற் சுற்றிக்கொண்டே வேலை செய்தனர். அபடேர் பிரபுவின் தலைமையில் இயங்கி 1878 இல் அறிக்கை சமர்ப்பித்த ஆணைக்குழுவின் விளைவாக 1881 ஆம் ஆண்டுச் சட்டம் சல்பூரிக்கமிலம், இரசாயன உரம் முதலிய பிற ஆலைகளையும் உள்ளடக்கிற்று. அமிலத்திலிருந்து குளோரீனைப் பெறும் வெல்டன், டீக்கன் முறைகளும், கழிவிலிருந்து கந்தகத்தை மீட்கும் சான்சின் முறையும் கழிவைப் பொருளாக்கின. அமோனியாவைத் துணைகொள்ளும் சொல்வே முறை பரவியபோது ஐதரசன் குளோரைட்டு பிறக்க வேண்டிய தேவையே இல்லாதொழிந்தது.

சிமித் வழக்கை விரும்பாதவர். அறிவுரையாலும் இணக்கத்தாலும் உற்பத்தியாளரை வழிப்படுத்தலே பயன்தரும் எனக் கருதியவர். சில பரிசோதகரே பல ஆலைகளைக் கண்காணித்த நிலையில் இதற்கு நியாயம் உண்டு. ஆயின் அவ்விணக்கம் மூடிய கதவுக்குள் நிகழ்ந்தது. ஆலையின் அயலவர் தாம் சுவாசிப்பது யாதென அறியும் உரிமையைப் பெற்றிருக்கவில்லை. இம்மரபு ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நீடித்தது. சூழல் மாசடைதல் பற்றிய அரச ஆணைக்குழு 1976 இல் வெளியிட்ட ஐந்தாவது அறிக்கையில் காற்று, நீர், நிலம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கும் கட்டுப்பாட்டை வற்புறுத்தியது. அவ்வொருங்கிணைப்பும், பொதுமக்கள் பார்வையிடத்தக்க பதிவேடுகளும் 1990 ஆம் ஆண்டுச் சூழற் பாதுகாப்புச் சட்டத்திலேயே சட்டவடிவம் பெற்றன. 1863 இல் அளவை தொடங்கிற்று. அளந்ததை மக்கள் அறிவதற்கு 127 ஆண்டுகள் சென்றன.

அதே பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த இலங்கையில் காரச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னர், 1862 இல், தொல்லைகள் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. அது கேடு நிகழ்ந்தபின் தண்டிக்கும் பழைய நெறியைச் சேர்ந்தது. தேசிய சுற்றாடற் சட்டம் 1980 இல் இயற்றப்பட்டு, 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சுற்றாடற் பாதுகாப்பு உரிமம் புகுத்தப்பட்டபோதே, இயங்கும் ஆலையை நியமங்களுக்கு உட்படுத்தி உரிமத்தைப் புதுப்பிக்கும் முறை இங்கு வந்து சேர்ந்தது. எனினும், சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவினால் கிணற்றுநீர் மாசடைந்தமை தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்குக் கட்டளையிட்டது. இழப்பீடு நீதியே. ஆனால் அது கிணறு கெட்ட பின்னர் வந்த நீதி. திப்பிங்கின் காலத்து வழிக்கு மீண்டும் திரும்ப நேர்ந்தமையையே அது காட்டுகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, காரச் சட்டத்தின் வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. பதிவு, எண்ணாற் குறித்த எல்லை, உட்புகுந்து அளக்கும் உரிமை, கருவியை நாள்தோறும் இயக்குவோருக்கான விதி ஆகியவை ஒருங்கு சேர்ந்தபோதே சட்டம் புகைபோக்கியின் வாயை எட்டியது. அவற்றுள் அடங்காதிருந்தவை ஓடையும் தொழிலாளியும் அயலவனும். பிற்காலச் சட்டங்கள் அவ்விடைவெளிகளை ஒவ்வொன்றாக நிரப்ப முயன்றன. அளக்கப்படாத கழிவு எல்லையற்றது. அளந்தும் மறைக்கப்படும் கழிவு அதனினும் கொடியது. ஆலையின் கணக்கேடு அயலவன் கைக்கு எட்டும்போதே கண்காணிப்பு முழுமை பெறும்.