தோராய என்ட்ரோபி

இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஹார்மோன் சுரப்பு போல நேரத்தோடு மாறிவரும் அளவீடுகளில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் கணக்கு, தோராய என்ட்ரோபி. அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீவ் பின்கஸ் 1991இல் இதை முன்வைத்தார். முதுமை ஆய்வில் இது விரைவிலேயே இடம்பிடித்தது.

சராசரியும் திட்டவிலக்கமும் எண்களின் வரிசையைக் கண்டுகொள்வதில்லை. 60, 80, 60, 80 என்று மாறி மாறி வரும் தொடரும், அதே எண்களைக் குலுக்கிப்போட்ட தொடரும் அவற்றுக்கு ஒன்றுதான். தோராய என்ட்ரோபி வரிசையைப் பார்க்கிறது. அடுத்தடுத்த இரண்டு அளவுகளை எடுத்து, அவற்றோடு ஒத்த ஜோடிகளைத் தொடர் முழுக்கத் தேடுகிறது. அந்த ஜோடிகளுக்குப் பின் வரும் மூன்றாவது அளவும் ஒத்துப்போகிறதா என்று சோதிக்கிறது. வித்தியாசம் திட்டவிலக்கத்தில் 0.2 பங்குக்குள் இருந்தால் ஒத்ததாகக் கொள்வது வழக்கம். முதல் தொடரில் 60க்குப் பின் 80 நிச்சயம் என்பதால் மதிப்பு கிட்டத்தட்டச் சுழியம். குலுக்கிய தொடரில் அடுத்தது எதுவென ஊகிக்க முடியாது, மதிப்பு உயரும்.

ஒவ்வொரு துண்டையும் அதனோடேயே ஒப்பிட்டு எண்ணுவது இதன் குறை. அதனால் சிறிய தொடர்கள் உள்ளதைவிட ஒழுங்காகத் தோன்றும். ரிச்மன், மூர்மன் இருவரும் 2000இல் அதை நீக்கி 'மாதிரி என்ட்ரோபி'யை உருவாக்கினர்.

வயதானால் உடலின் சிக்கல்தன்மை குறைகிறது என்று லிப்சிட்ஸும் கோல்ட்பெர்கரும் 1992இல் வாதிட்டனர். இதயம் அதற்குச் சாட்சி: ஓய்வில் இருக்கும் முதியவர்களின் துடிப்பு இளையவர்களுடையதைவிட ஒழுங்கானது. இத்தகைய ஒப்பீட்டுக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு தரவுத்தொகுப்பில் 21 முதல் 34 வயதுள்ள 20 பேரும், 68 முதல் 85 வயதுள்ள 20 பேரும் 120 நிமிடம் படுத்திருந்தனர். தூங்கிவிடாமலிருக்க அவர்களுக்கு டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படம் காட்டப்பட்டது. தொகுப்புக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஹார்மோன்களோ எதிர்த்திசையில் போகின்றன. முதிய ஆண்களிடம் லூட்டினைசிங் ஹார்மோன் (எல்ஹெச்), டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் இளைஞர்களைவிட ஒழுங்கற்றுச் சுரப்பதாகப் பின்கஸ் குழு 1996இல் காட்டியது. ஆகவே மதிப்பு கூடினால் நலம், குறைந்தால் முதுமை என்று பொதுவாக எடுத்துக்கொள்வது தவறு. எந்த உறுப்பு, எந்த நிலையில் அளந்தது என்பதே திசையைத் தீர்மானிக்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதய நோயிலும் என்ட்ரோபி உயர்ந்தே இருக்கும். கோஸ்டா, கோல்ட்பெர்கர், பெங் மூவரும் 2002இல் கொண்டுவந்த பல அளவு என்ட்ரோபி இந்தக் குழப்பத்தை நீக்கப் பெரிதும் உதவுகிறது. அதில் அடுத்தடுத்த துடிப்பு இடைவெளிகளை இரண்டிரண்டாக, மூன்றுமூன்றாகச் சராசரியாக்கி மறுபடி கணக்கிடுகிறார்கள். அப்போது நோயாளியின் மதிப்பு சரிந்துவிடும். ஆரோக்கியமான இதயத்தின் மதிப்பு சரியாது.