ஜன்னி என்றொரு சொல்

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்ரயில், ஏகாட்டூரைத் தாண்டியதும் கடம்பத்தூரில் நிற்கும். எம்மில் ஒருவரின் தாய்வழிச் சொந்தங்கள் இன்றும் வாழும் ஊர் அது. அங்கே ஒரு வீட்டுக் கூடத்தில், 1976-ல் மறைந்த ஒரு பெண்ணின் நிழற்படம் மாட்டப்பட்டிருக்கிறது. இறக்கும்போது வயது இருபத்திரண்டு. தலைப்பிரசவம் ஆகி மூன்றாம் வாரம். என்ன ஆயிற்று என்று கேட்டால் வீட்டின் மூத்த ஆயா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "பச்ச ஒடம்புக்காரி... ஜன்னி கண்டு போய்ட்டா."

அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கக் கூடும் என்று தேடப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை. தேடல் எங்களைக் கொண்டு சேர்த்த இடம் பக்கவாதத்தின் வரலாறு. அதிலும், முதியவர்க்கன்றி இளையவர்க்கு வரும் பக்கவாதத்தின் வரலாறு. வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

நம் சித்த மருத்துவம் இந்நோயை நன்கறியும். யூகி முனிவர் பெயரில் வழங்கும் 'யூகி வைத்திய சிந்தாமணி' வாத நோய்களை எண்பதாக வகுக்கிறது. பக்கவாதம், பாரிசவாயு என்ற பெயர்கள் அந்த மரபிலிருந்து வீட்டுப் பேச்சுக்கு வந்தவை. கிரேக்கர் 'அப்போப்ளெக்ஸியா' என்றனர். அடித்து வீழ்த்துவது என்று பொருள். மூளைக்குள் ஏற்படும் குருதிக் கசிவும் அதற்குக் காரணமாகலாம் என்பதைப் பிணங்களை அறுத்துப் பார்த்து சுவிஸ் மருத்துவர் யோகான் யாகோப் வெப்ஃபர் எழுதியது 1658-ல்தான். இப்பெயர்கள் எவையும் வயதைச் சொல்லவில்லை. ஆயினும் பக்கவாதம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது திண்ணையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் கிழவர் உருவமே. இந்தக் கற்பனைதான் பல இளம் உயிர்களுக்கு எமனாகியிருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இக்கற்பனையை எண்ணிக்கையால் கலைத்தவர்கள், கடம்பத்தூர் வழியே ஓடும் அதே தண்டவாளத்தின் மேற்குப் பக்கத்தில் இருந்தார்கள். 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இது. இப்பாதையில் மேலும் போனால் காட்பாடி, அதையொட்டி வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். (கிழக்கே, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தம் பணியைத் தொடங்கியது அதற்கடுத்த ஆண்டு.) 1970-ல் 'ஸ்ட்ரோக்' என்ற பன்னாட்டு ஆய்விதழ் பிறந்தது. அதன் முதல் தொகுதியிலேயே, தென்னிந்தியாவில் பக்கவாதம் பற்றி வேலூரின் ஜேக்கப் ஆபிரகாமும் சகாக்களும் நடத்திய மக்கள்தொகை ஆய்வு வெளிவந்தது. மறு ஆண்டு அதே குழுவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. அதன் பொருளே இளையோர்க்கு வரும் பக்கவாதம்தான். மேலை நாட்டுப் பாடநூல்கள் அரிதென்று ஒதுக்கிய ஒன்று, இங்கே தனிக் கட்டுரை கோரும் அளவுக்கு வார்டுகளில் கிடந்தது.

காரணங்களும் வேறாக இருந்தன. சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, அங்கே உறைந்த குருதிக்கட்டி மூளைக்குப் பயணிப்பது ஒன்று. காசநோய் மூளையுறையைத் தாக்கி, அங்குள்ள தமனிகளை அழற்சியுறச் செய்வது மற்றொன்று. கொழுப்பும் முதுமையும் சேர்ந்து குழாயை அடைக்கும் வரை இந்நோய் காத்திருக்கவில்லை.

எங்கள் தேடலுக்கு நேராக விடை தந்தது வேலூர் அன்று, மதுரை. மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், 1983-ல் 'ஆஞ்சியாலஜி' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னும் மூளையின் சிரைகளிலோ தமனிகளிலோ குருதி உறைந்துபோன 135 பெண்களைப் பற்றியது அது. ஒரே ஊரில் 135 பேர்! பெரும்பாலோர் பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் வந்தவர்கள். உலகின் பிற பகுதி மருத்துவர்கள் வாழ்நாளில் ஓரிருவரைக் கண்டாலே கட்டுரை எழுதிக் கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே அவர், இந்திய இளையோரின் பக்கவாதம் குறித்து 'ஸ்ட்ரோக்' இதழிலும் எழுதினார். தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றை யாரேனும் முறையாக எழுதினால் இந்த ஆய்வுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும்.

ஏன் பிள்ளை பெற்றவர்களுக்கு? பேற்றின்போது உயிர்போகும் அளவு உதிரம் கொட்டிவிடாமல் இருக்க, கருவுற்ற காலத்திலேயே உடல் குருதியின் உறையும் திறனைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாடு பேற்றுக்குப் பின்னும் சில வாரங்கள் நீடிக்கும். அந்த வாரங்களில் உடலில் நீர் வற்றினாலோ, சோகை இருந்தாலோ, தொற்று சேர்ந்தாலோ, காக்கும் ஏற்பாடே கண்ணியாகிறது. மூளையிலிருந்து கெட்ட குருதியை வடிக்கும் பெருஞ்சிரைகளில் கட்டி தோன்றுகிறது. வடிகால் அடைபட்ட வீதியில் நீர் தேங்குவது போல், உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

இங்கே நம் பத்தியத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். பத்தியம் முழுவதையும் மூடத்தனம் என்று இகழ எங்களுக்கு மனமில்லை. பூண்டும் கருவாடும் கொடுத்த அதே கைகள், அன்போடுதான் சொம்பையும் எட்ட வைத்தன. ஆனால் சித்திரை வெயிலில், மூடிய அறையில், பால் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு நாவை நனைக்கும் அளவே தண்ணீர் என்றால் அவளது குருதி என்னவாகும் என்பதை அந்த அன்பு அறிந்திருக்கவில்லை.

இந்த நோயின் கொடுமையும் கருணையும் ஒன்றே. தமனி அடைப்பைப் போலன்றி, இது பெரும்பாலும் நாள்கணக்கில் முன்னறிவிப்புத் தருகிறது. 2004-ல் வெளியான, 624 நோயாளிகளைத் தொடர்ந்த பன்னாட்டு ஆய்வில், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது. வழக்கமான தலைவலி அன்று. நாளுக்கு நாள் ஏறுவது, படுத்தால் கூடுவது, வாந்தியோடும் பார்வை மங்கலோடும் வருவது. அதன்பின் வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, மயக்கம். கடம்பத்தூர் ஆயாவிடம் மெல்லக் கேட்டோம். ஐந்து நாள் "தலை பொளக்குதும்மா" என்று சொன்னாளாம். சுக்குப் பற்றுப் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டினார்களாம். ஆறாம் நாள் குழந்தையை வாங்க வலக்கை எழவில்லை. அன்றிரவு வலிப்பு. இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். காற்றுச் சேட்டை என்று வேப்பிலை அடிக்கவும் ஆள் வந்தது.

அரை நூற்றாண்டு கழிந்தபின் நாம் நோயறிந்து சொல்வது முறையாகாது. பேற்றுக்குப் பின்வரும் வலிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 1828-ல் எடின்பரோ மருத்துவர் ஜான் அபர்குரோம்பி எழுதி வைத்த, பேறு முடிந்து இரண்டு வாரத்தில் தலைவலியும் வலிப்பும் கண்டு இறந்த இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் கதையைப் படித்தபோது, ஆயாவின் குரலையே கேட்பது போலிருந்தது. அந்தப் பெண்ணைப் பிணமாகத்தான் ஆராய முடிந்தது. உயிரோடிருப்பவரின் தலைக்குள் பார்க்கும் சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபரில்தான் இலண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. உறைவைத் தடுக்கும் ஹெபாரின் இந்நோய்க்கு உதவும் என்பதை ஜெர்மானிய மருத்துவர்கள் சிறியதோர் ஆய்வில் காட்டியது 1991-ல்.

அறிகுறியை அலட்சியப்படுத்துவது படிக்காதவர் வழக்கம் என்று எண்ணுவோர் லூயி பாஸ்டரை நினைத்துக்கொள்ளலாம். 1868 அக்டோபர் 19. அவருக்கு வயது நாற்பத்தைந்து. அன்று உடலின் இடப்பக்கம் முழுதும் இனம்புரியாத கூச்சம். ஆனாலும் அறிவியல் கழகத்துக்குப் போனார். இத்தாலியர் ஒருவரின் பட்டுப்புழுக் கட்டுரையை வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். நண்பர்களோடு வீடு திரும்பி, உணவருந்தி, படுத்தார். இரவுக்குள் பேச்சும் இடப்பக்கமும் தடுமாறத் தொடங்கின. அன்றைய மருத்துவம் அவர் காதுக்குப் பின்னே அட்டைகளை விட்டது. பிழைத்தார். இடக்கை வாழ்நாள் முழுதும் முழுமையாகத் திரும்பவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 1885-ல் தந்தது, பக்கவாதம் கண்ட இந்த உடல்தான்! நம் குன்னூரில் 1907-ல் எழுந்த பாஸ்டர் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இலக்கியப் பக்கம் என்பதால் போதலேரையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். 1866 மார்ச்சில், நாற்பத்துநான்காம் வயதில், பெல்ஜியத்து நாமூர் நகரத் தேவாலயத்தில் விழுந்தார். சொல்லால் வாழ்ந்தவருக்குச் சொல் போயிற்று. தமக்கு விசித்திரமானதோர் எச்சரிக்கை வந்ததாக 1862 ஜனவரியிலேயே அவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. கவிஞரின் மிகை எனலாம். மேகநோயும் அவருக்கு இருந்தது.

இன்று காட்சி மாறியிருக்கிறது. மருத்துவமனைப் பிரசவம் பரவியதால் மதுரை கண்ட கூட்டம் குறைந்தது. 2012-ல் ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனம் 428 சிரை அடைப்பு நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்கள். மதுவும் சோகையும் காரணப் பட்டியலில் ஏறியிருந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் இரவுப்பணிக்குப் போகும் இளைஞர்களை நினைத்துக்கொண்டுதான் இதைப் படித்தோம். அவர்களில் ஒருவனுக்கு உலை வெக்கையில் திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறினால், சுற்றியிருப்போர் முதலில் சொல்வது என்ன? "நேத்து ஓவரா ஏத்திட்டான்." ஒரு கண் இருண்டு பத்து நிமிடத்தில் தெளிந்தால், "தூக்கம் பத்தல." தானே தெளிவதுதான் மிகவும் ஏமாற்றுவது. தற்காலிகமாக அடைபட்டுத் திறந்த அந்தக் குழாய், அடுத்த சில நாள்களுக்குள் நிரந்தரமாக அடைபடும் வாய்ப்பு மிகுதி. முகம் ஒருபுறம் சரிதல், ஒரு கை தூக்கினால் தாழ்தல், சொல் குழறல், திடீரெனத் தள்ளாட்டம், பார்வைக் குறை, இதுவரை அறியாத கடுந்தலைவலி: இவை இருபத்தைந்திலும் அறுபத்தைந்திலும் ஒன்றுதான்.

1995-ல் தமனிக் கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயன் நிறுவப்பட்டபோது எல்லை மூன்று மணி நேரம். 2008-ல் அது நாலரை ஆயிற்று. 2015 முதல் கட்டியைக் குழல்வழி இழுத்தெடுக்கும் முறையும் உறுதிப்பட்டிருக்கிறது. கணக்கு, நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்திலிருந்து. தமிழ்நாட்டில் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. இரயில்பாதையின் கிழக்கு முனையில், சென்ட்ரலுக்கு எதிரிலேயே பொது மருத்துவமனை.

நிழற்படத்துப் பெண் விட்டுச்சென்ற குழந்தை இன்று ஐம்பதை நெருங்கும் அம்மாள். அவருடைய மகளுக்கு அண்மையில் பிள்ளை பிறந்தது. கட்டிலருகே மூடிபோட்ட சொம்பில் எந்நேரமும் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாராம். பார்க்க வந்த அண்டைவீட்டுப் பெரியம்மா முகம் சுளித்து, "பச்ச ஒடம்புக்கு இவ்ளோ தண்ணியா?" என்றாராம். அவர் பதில் பேசாமல் ஒரு டம்ளர் ஊற்றி மகளிடம் நீட்டினாராம்.